எல்லைக் கிராமங்களின் பண்டிகைப் பலகாரம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. பாறசாலையைக் கடந்து இஞ்சிவிளை வந்ததும் கேரளம் முடிகிறது. களியக்காவிளையில் தமிழகம் தொடங்குகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறதேயன்றி மண் மாறவில்லை. தென்னையும் பனையும் மாறவில்லை. பண்டிகை நெருங்கும் நாட்களில் அடுக்களையிலிருந்து எழும் மணமும் மாறவில்லை. அந்த மணத்தின் வரலாற்றைத்தான் இங்கே கூற முற்படுகிறோம்.

பலகாரத்துக்கும் வரலாறு உண்டோ என்று வினவுவார் இருக்கலாம். ஒரு வீட்டார் தம் அடுப்பில் ஆக்கியதை மற்றொரு வீட்டார் கைநீட்டி வாங்கி உண்பது, திருவிதாங்கூர் நாட்டில் எளிதாக வந்துவிட்ட வழக்கம் அன்று. பழங்காலத்தில் பண்டிகைக்குப் பொருள் சென்றது பெரும்பாலும் ஒரே திசையில், கீழிருந்து மேலே. ஓணம் வருமுன் குடியானவன் தன் தோட்டத்து நேந்திரன் குலைகளில் சிறந்ததைத் தெரிந்தெடுத்து நிலவுடைமையாளர் இல்லத்திற்குச் சுமந்து செல்வான். இதற்கு ஓணக்காழ்ச்சை என்று பெயர். ஜன்மியார் மனமுவந்து ஓணப்புடவை அளிப்பார். காழ்ச்சையாகச் சென்றவை வாழைக்குலையும் காய்கறியும் போன்ற, அடுப்பைக் காணாத பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குடியானவனின் வீட்டுச் சோற்றையோ கறியையோ எந்த ஜன்மியும் ஏற்றதில்லை. உழைப்பால் விளைந்ததை வாங்கலாம், உலையில் வெந்ததை வாங்கலாகாது என்பது அக்காலத்து நியாயம்.

இந்த நியாயத்தை அசைத்த பெருமக்கள் சிலர் இப்பகுதியிலேயே தோன்றினர் அல்லது தொண்டாற்றினர். நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு 1888ஆம் ஆண்டு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். 1863இல் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். வடக்கே கொச்சி நாட்டில், செறாயி என்னும் ஊரில், சகோதரன் அய்யப்பன் 1917இல் பல சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்ணச் செய்தார். அதற்காக அவர் பட்ட வசை சிறிதன்று. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். கோயில் கதவு ஒரு நாளில் திறந்தது. அடுக்களைக் கதவு அத்தனை விரைவில் திறக்கவில்லை. பிரகடனங்கள் எட்டாத அந்த இடத்தில் ஓலைப்பெட்டிப் பலகாரம் மெல்ல நுழைந்தது என்பது நமது கருத்து.

வடநாட்டில் வாழும் நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். இந்தி வழங்கும் பகுதிகளில் நீரில் வெந்த உணவைக் ‘கச்சா’ என்றும் நெய்யில் பொரித்ததைப் ‘பக்கா’ என்றும் பிரிப்பர். கச்சா உணவு சாதி எல்லையைக் கடக்காது. பக்கா உணவு ஓரளவு கடக்கும். ஆகவேதான் அங்கே ஊர் விருந்துகளில் பூரியும் கசோரியும் தலைமை பெற்றன. தென் திருவிதாங்கூரில் இவ்வாறு பெயரிட்டுப் பிரித்தார்களில்லை. ஆயினும் அயல் வீடுகளுக்குச் சென்ற பண்டங்களை நோக்கினால், முந்திரிக்கொத்து, அச்சப்பம், முறுக்கு, நேந்திரங்காய் உப்பேரி எனப் பெரும்பாலானவை எண்ணெயில் பொரித்தவையாகவே இருக்கின்றன. கெடாதிருத்தல் ஒரு காரணம். கூச்சமின்றி வாங்கத் தக்கதாக இருத்தல் மற்றொரு காரணமாகலாம்.

இவற்றுள் முந்திரிக்கொத்தே இம்மண்ணின் அடையாளம். அலுவலகத்தில் நாள்தோறும் சொல்லுக்குச் சொல் தேடும் தொழிலில் இருக்கும் நமக்கு இப்பெயர் ஒரு விருந்து. பெயரை நம்பிக் கடித்தவர் உள்ளே முந்திரிப் பருப்பைத் தேடி ஏமாறுவர். தமிழில் முந்திரி என்பது கொட்டை முந்திரியையும் குறிக்கும், கொடிமுந்திரியாகிய திராட்சையையும் குறிக்கும். மலையாளத்தில் திராட்சைக்கே அப்பெயர். மும்மூன்று உருண்டைகளாக ஒட்டிப் பொரித்தெடுக்கையில் திராட்சைக் குலையைப் போலத் தோன்றுவதால் முந்திரிக்கொத்து ஆயிற்று. கொட்டை முந்திரியோ போர்ச்சுக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரத்தின் விளைவு. பலகாரத்திற்கும் அதற்கும் உறவே இல்லை.

செய்முறை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். சிறுபயற்றைப் பொன்னிறமாக வறுத்து, தோல் நீக்கி, சற்றுக் கொரகொரப்பாகப் பொடிக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் முற்றும் அகலும் வரை வறுக்க வேண்டும்; இதில் அவசரப்பட்டவர் பலகாரம் ஒரு வாரத்தில் பூத்துவிடும். எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்து, கருப்பட்டிப் பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருண்டை பிடிக்க வேண்டும். பாகு இளகியிருந்தால் உருண்டை எண்ணெயில் கரையும். முறுகினால் பல்லை உடைக்கும். மறுநாள் உருண்டைகள் இறுகியபின், மஞ்சளும் உப்பும் சிறிது கலந்த பச்சரிசி மாவுக் கரைசலில் மூன்று மூன்றாகத் தோய்த்துத் தேங்காய் எண்ணெயில் இடுவர். சூடான பாகில் உருண்டை பிடிப்பது ஒருத்தியால் ஆகாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கூடினால்தான் ஆறுமுன் முடியும். ஆகவே, கொடுக்கும் நாளுக்கு முன்பே கூடிச் செய்யும் நாளில் உறவு தொடங்கிவிடுகிறது.

இதற்கு உயிர் கருப்பட்டி. கருப்புக்கட்டி என்பது பேச்சில் கருப்பட்டி ஆயிற்று. கருப்பு என்றால் கரும்பு. கரும்பின் கட்டிக்கு வழங்கிய பெயரைப் பனையின் கட்டி கவர்ந்துகொண்டது. பதனீரை இங்கே அக்கானி என்பர். மாசி முதல் வைகாசி வரை அதிகாலையில் பனையேறி இறக்கிய அக்கானியை, ஆண்கள் சுமந்து வர, பெண்கள் பெரும்பானையில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கட்டியாக்கினர். பாறசாலையில் லண்டன் மிஷன் பணிபுரிந்த சாமுவேல் மட்டீர் என்பவர், 1871இல் வெளியிட்ட தமது நூலில் இம்மக்களின் பனைத் தொழிலை விரித்துரைத்திருக்கிறார். கட்டியாகிய கருப்பட்டி ஈரம் ஏறாதவாறு அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகையுண்டு கிடக்கும். மார்கழியில் பண்டிகைக்கு இறங்குவது பங்குனியில் ஏறிய கட்டி. ஏழை வீட்டிலும் காசு கொடுக்காமல் கிடைத்த இனிப்பு அது ஒன்றே. ஆதலால் ஏழையும் கொடுப்பவன் ஆனான்.

ஆண்டு முழுவதும் இந்தப் போக்குவரவு நிகழ்ந்தது. கார்த்திகைத் தீபத்தன்று பனங்குருத்தோலையில் பொதிந்தோ தெரளி இலையைக் கூம்பாக மடித்தோ ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை. கிறிஸ்துமஸுக்கு, சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த வீடுகளிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சப்பமும். பூப்போன்ற இரும்பு அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கும் அச்சப்பத்தை ஸ்வீடன், நார்வே நாட்டாரும் ரோசெட் என்ற பெயரால் கிறிஸ்துமஸுக்குச் செய்கின்றனர். கப்பல் வணிகம் அடுக்களை வரை எட்டியதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஓணத்திற்கு உப்பேரியும் சர்க்கரைவரட்டியும். திருமணமானால் ‘அடுக்களை காணல்’ என்று பெண் வீட்டார் பலகாரமும் பாத்திரமும் கொண்டு மாப்பிள்ளை வீடு செல்வர். பலகாரம் கொணர்ந்த சிறுமி, “மாமி, அம்மை தரச் சொன்னாள்” என்று திண்ணையில் பெட்டியை வைப்பாள். பெட்டி வெறுமையாகத் திரும்பாது. இரண்டு மட்டிப்பழமேனும் அதில் இருக்கும். பாலராமபுரத்துச் சாலியர் தெருக்களிலும் இவ்வழக்கம் உண்டு. பலராமவர்ம மன்னர் காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து நெசவுக்கென அழைத்து வரப்பட்ட குடும்பங்கள் அவை. மலையாள நாட்டின் ஓணப்புடவையை நெய்தவர்கள் தமிழ் பேசிய மக்கள் என்பதைக் கேரளத்திற்கு வெளியே பலர் அறியார்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதற்கு முன் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நேசமணி அவர்களின் தலைமையில் நடத்திய போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டு உயிர்கள் மாய்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. விளவங்கோட்டில் பெண் கொடுத்து பாறசாலையில் பெண் எடுத்த குடும்பங்கள் ஓரிரவில் இரு மாநிலத்தார் ஆயினர். அக்காள் பிள்ளைகள் தமிழ் கற்றனர். தங்கை பிள்ளைகள் மலையாளம் கற்றனர். கடிதம் எழுதினால் படிக்க ஆள் தேட வேண்டிய நிலை சில வீடுகளில் வந்தது. பலகாரத்திற்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை. (இத்தொழிலில் இருந்துகொண்டு இவ்வாறு கூறுவது நமக்கே சற்று நகைப்பாக இருக்கிறது.)

1960களின் நடுவில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது மாநிலம் விட்டு மாநிலம் அரிசி செல்லத் தடை விதிக்கப்பட்டது. களியக்காவிளைச் சாவடியில் அரிசி மூட்டைக்கே காவலர் கண் இருந்தது; மடியில் வைத்த ஓலைப்பெட்டியைத் திறந்து பார்த்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்து சரஸ்வதியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும், குமாரகோவில் முருகனும் பவனியாகத் திருவனந்தபுரம் செல்லும்போது இதே எல்லையில் இரு மாநிலத்தாரும் மரியாதை செலுத்துகின்றனர். 2020இல் பெருந்தொற்று வந்தபோதுதான் எல்லை உண்மையிலேயே எல்லையாயிற்று. இஞ்சிவிளையில் அனுமதிச் சீட்டு இன்றிக் கடக்க இயலவில்லை. சைக்கிளில் கால்மணி நேரத்து உறவினர் வீடு அயல்நாடு போலாயிற்று.

ஓணக்காழ்ச்சையின் கட்டாயம் 1970 ஜனவரி 1ஆம் நாள் கேரளத்தில் குடியான்மை முறை ஒழிந்ததோடு வேரற்றது. அது போனதில் நமக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறோரிடத்தில் இருக்கிறது. பனையேறும் கைகள் குறைந்தன. பிள்ளைகள் படித்து வேறு தொழில்களுக்குச் சென்றது நல்லதே, அந்த உழைப்பின் கடுமையை அறிந்தவர் எவரும் அதைக் குறை கூறார். ஆனால் மரம் ஏறாவிடில் அக்கானி இல்லை, அக்கானி இல்லையேல் பரணில் கருப்பட்டி இல்லை. கடைத்தெருவில் கிடைப்பதில் சீனி கலந்தது மிகுதி. அதை இட்டுச் செய்த முந்திரிக்கொத்து வெளிறிக் கிடக்கும். பேக்கரிகளில் முந்திரிக்கொத்து ஆண்டு முழுவதும் பொட்டலமாகக் கிடைக்கிறது. சுவை மோசமென்று சொல்ல மாட்டோம். ஆயினும் நாலைந்து பெண்கள் ஒரு பாத்திரத்தைச் சுற்றி அமர்வதற்கு அங்கே இடமில்லை.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இதைச் செய்து பார்க்கலாம். சிறுபயறு எங்கும் கிடைக்கிறது. வங்காளத்தில் குளிர்காலத்தில் வரும் ஈச்சவெல்லம் கருப்பட்டிக்கு அண்ணன் தம்பி முறை; புகைமணம் மட்டும் இராது. அது இளகிய பாகாக வந்தால் சற்றுக் கூடுதலாகக் காய்ச்ச வேண்டும். கார்த்திகைக் கொழுக்கட்டைக்குத் தெரளி இலை கிடைக்கவில்லையே என்று ஏங்குவோர் சமையற்கட்டில் தேஜ்பத்தா டப்பாவைத் திறந்து பார்க்கட்டும். இரண்டும் இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்தவை. பண்டைக் கிரேக்க வணிகர் மலபாத்ரம் என்ற பெயரால் விலை கொடுத்து வாங்கிச் சென்ற இலைகளின் குடும்பம். உலர்ந்த இலை கூம்பாக மடிய இசையாது. இட்லிப் பாத்திரத்தின் தட்டில் நாலைந்தைப் பரப்பி, அதன்மேல் கொழுக்கட்டையை வைத்து மூடினால் போதும்.