குமரப்பாவின் சமயமும் கணக்கும்

மயிலாப்பூரின் கீழ்த்திசையில், கடற்கரையை அடுத்து நிற்கிறது சாந்தோம் ஆலயம். இயேசுநாதரின் சீடராகிய தோமையார் கி.பி. 72-இல் இப்பகுதியில் உயிர் துறந்தார் என்பது மரபு. போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் இருந்த இடத்திலேயே இன்றைய ஆலயம் 1896-இல் எழுந்தது. மயிலாப்பூர்வாசியாகிய நான் அவ்வழியே செல்லும்போதெல்லாம் ஒன்றை எண்ணுவதுண்டு. கொண்ட கொள்கைக்காக ஒரு நாள் உயிரைக் கொடுப்பது அரிய செயல். அக்கொள்கைக்காகவே வருவாயையும் வசதியையும் வேண்டியவர்களின் முகமலர்ச்சியையும் நாள்தோறும் இழக்கத் துணிவதோ அதனினும் எளிதன்று. இவ்விரண்டாம் வகைத் துணிவுக்குச் சான்றாகத் தமிழகம் தந்த ஒருவரைப் பற்றி மாணவர்களாகிய உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அவர்தாம் ஜே. சி. குமரப்பா.

1892-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கைக் கலை பயின்று, பம்பாயில் தொழில் நடத்திச் செல்வாக்குடன் வாழ்ந்தார். 1927-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். கொலம்பியா பல்கலைக் கழகத்தில் இந்தியாவின் வரி, செலவு, வறுமை ஆகியவற்றை ஆராயத் தொடங்கியதும் அவர் கண் திறந்தது. நாட்டின் வறுமைக்கு மக்களின் சோம்பல் காரணமன்று, அந்நிய ஆட்சியின் நிதி முறையே காரணம் என்று தெளிந்தார். நாடு திரும்பி, 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியடிகளைக் கண்டார். ஆங்கில உடை போயிற்று, கதர் வந்தது. குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பா என்பதே தம் பெயராயிற்று. ஆயினும் அவர் கிறிஸ்தவத்தைக் கைவிட்டாரல்லர். அதை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார்.

அவருடைய உறுதி மூன்று இடங்களில் சோதிக்கப்பட்டது என்று நான் கருதுகிறேன்.

முதலாவது, தம் சமயத் தலைவர்களிடம். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, நிராயுதபாணிகளான தொண்டர்கள் தடியடிபட்டனர். சட்ட மறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாதது என்ற கருத்தைக் கல்கத்தாப் பேராயர் பாஸ் வெஸ்ட்காட் வெளியிட்டார். தீமையை எதிர்த்து அடி வாங்குவோர் பக்கமா, அடிப்போர் பக்கமா, எப்பக்கத்தில் கிறிஸ்து நிற்பார் என்பதே குமரப்பாவின் வாதத்தின் சாரம். தம் திருச்சபையின் பெரியோரையே எதிர்த்து வெளிப்படையாக எழுதினார்.

இரண்டாவது, அரசாங்கத்திடம். இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கில அரசு இந்தியாவில் வாங்கிய பொருள்களுக்கு ஈடாக லண்டனில் கடன் பத்திரங்களைக் குவித்தது. அவற்றின் பேரில் இங்கே நோட்டுகள் அச்சிடப்பட்டன. விலைவாசி ஏறிற்று, ஏழையின் உணவு குறைந்தது. இதைக் கண்டித்து 1942-இல் அவர் எழுதிய கட்டுரைக்கு அப்பத்திற்குப் பதிலாகக் கல் என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். அது மலைப்பிரசங்கத்தில் வரும் உவமையாகும். அக்கட்டுரைக்காக அவர் சிறை புகுந்தார். ஜபல்பூர்ச் சிறையில் இருந்துகொண்டே, இயேசுவின் வாழ்வையும் உபதேசத்தையும் பற்றி ஒரு நூலும், நிலையான பொருளாதாரம் பற்றி ஒரு நூலும் எழுதினார். ஒருவனுக்குச் சமயமும் பொருளாதாரமும் வெவ்வேறு அறைகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்றாவது சோதனையே கடினமானது. அது அவர் போற்றிய தலைவரிடமே நேர்ந்தது. 1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரைப் பெரும் பூகம்பம் குலைத்தது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியின் கணக்குப் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்குச் சில அணாக்களே என்று வரையறுத்தார். காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கு வந்தபோது, அக்குழுவின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். நிதியோ துயருற்ற மக்களுக்காகக் கொடுக்கப்பட்டது. அதைக் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர். காரணத்தைக் கேட்டறிந்த அண்ணல் அதனை ஏற்றுக்கொண்டார்.

பகைவனிடம் நேர்மை பேசுவதில் ஒரு பெருமிதம் உண்டு, ஊரும் கைதட்டும். அன்புக்குரியவரிடம் 'இல்லை' என்று சொல்லும்போது கைதட்ட யாருமில்லை. கையில் ஒரு கணக்கேடும் நெஞ்சில் ஒரு சாட்சியும் மட்டுமே துணை நிற்கும். இத்தகையவரோடு பணியாற்றுவது எவர்க்கும் எளிதாயிராது என்பதும் உண்மையே. ஆனால், பொதுப்பணம் அவர் கையில் இருந்தபோது ஏழைகள் அச்சமின்றி உறங்கலாம் அன்றோ?

குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில், காந்தி நிகேதனச் சூழலில் எளிமையாகக் கழித்தார். காந்தியடிகளின் நினைவு நாளாகிய சனவரி 30-ஆம் நாளிலேயே, 1960-இல், மறைந்தார்.

மாணவர்களே, நீங்கள் எச்சமயத்தவராயினும் ஆகுக. பூகம்ப நிதியின் கணக்கு உங்கள் கைக்கு இப்போது வராது. வகுப்பின் சுற்றுலாப் பணமும், விடுதியின் சாப்பாட்டுக் கணக்கும், உற்ற நண்பன் தேர்வுக் கூடத்தில் கேட்கும் சிறு உதவியும் வரும். குமரப்பாவின் மூன்றாவது சோதனை அங்கேதான் உங்களுக்காகக் காத்திருக்கிறது.