சிரிப்பைப் பாடமாக்கிய கிரேக்கப் பள்ளிகள்

மனிதனை இறகில்லாத இருகால் உயிரி என்று பிளேட்டோ வரையறுத்ததை அறிந்த கிரேக்கத் தத்துவஞானி டயோஜனிஸ், ஒரு சேவலின் இறகுகளை முற்றிலும் பிடுங்கி, அதைப் பிளேட்டோவின் கல்விக்கூடத்துக்கே கொண்டுசென்று அவர் சொன்ன மனிதன் இதுவே எனக் காட்டியதாகவும், அதன்பின் அகன்ற நகம் என்னும் பண்பு வரையறையில் சேர்க்கப்பட்டதாகவும், கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாழ்க்கை வரலாற்றாசிரியர் டயோஜனிஸ் லேர்ட்டியஸ் எழுதுகிறார். நிகழ்ச்சி கற்பனையாகவே இருந்தாலும், ஒற்றை எதிர்ச்சான்றால் ஒரு பொது வரையறை குலைந்துவிடும் என்னும் தருக்க உண்மையை இதைவிடத் தெளிவாக விளக்குவது அரிது. ‘க்ரெய்யா’ எனப்பட்ட இவ்வகைக் குறுங்கதைகளை, அதாவது ஒருவரின் கூற்றையோ செயலையோ சுருங்கச் சொல்பவற்றை, பேச்சுக்கலை மாணவர்கள் விரித்தும் சுருக்கியும் மறுத்தும் எழுதிப் பழகினர். தத்துவஞானி டயோஜனிஸ் எழுதியதாகச் சொல்லப்படும் நூல்கள் அழிந்துபோயின; அவருடைய சிந்தனையைப் பெரிதும் காத்துத் தந்தவை இக்கதைகளே.