மேஜைக்குப் போன கோச்

கையில் ஒலிம்பிக் அணி இருக்கிறது. நீங்கள்தான் கோச். ஆனால் அணி ஒலிம்பிக்குக்குப் போகாது. இப்படி ஒரு வேலை யாருக்காவது கிடைக்குமா?

டேவ் கேவிட்டுக்குக் கிடைத்தது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கனிஸ்தானுக்குள் புகுந்தன. கண்டிக்கிறோம் பேர்வழி என்று மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க முடிவெடுத்தது ஜிம்மி கார்ட்டரின் அமெரிக்கா. 1980-ம் ஆண்டின் அமெரிக்கக் கூடைப்பந்து அணியில் இருந்தவர்கள் கல்லூரிப் பையன்கள். 19 வயது ஐசையா தாமஸ் உட்பட. மாஸ்கோவுக்குப் பதில் அவர்கள் உள்ளூரிலேயே என்.பி.ஏ. நட்சத்திரங்களுடன் சில ஆட்டங்கள் ஆடினார்கள். பெரும்பாலானவற்றில் ஜெயிக்கவும் செய்தார்கள். என்ன பிரயோஜனம்? பதக்கம் இல்லை.

மைதானத்தில் என்னதான் வியூகம் வகுத்தாலும், ஆட்டம் நடக்குமா நடக்காதா என்பதை எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார். கேவிட் அதற்கு முன்பே மேஜைக்குப் போயிருந்தார். அந்தக் கதைதான் சுவாரசியம்.

ரோட் ஐலண்ட், அமெரிக்காவிலேயே பரப்பளவில் மிகச் சிறிய மாநிலம். அங்கே வெஸ்டர்லி என்ற ஊரில் 1937-ல் பிறந்தவர் கேவிட். டார்ட்மவுத் கல்லூரியில் படித்து, பின்னாளில் அங்கேயே கோச்சாகவும் இருந்து, 1969-ல் பிராவிடென்ஸ் கல்லூரிக்கு வந்தார். டொமினிக்கன் துறவிகள் நடத்தும் சின்னக் கல்லூரி. பெரிய பல்கலைக்கழகங்களின் பணமோ படாடோபமோ கிடையாது.

இரண்டே வருடத்தில் நிர்வாகப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. 1971-ல் அவரே கல்லூரியின் விளையாட்டுத்துறை இயக்குநர். நம்மூர் பி.டி. மாஸ்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் இது தனி சாம்ராஜ்யம். எந்த கோச்சை வேலைக்கு எடுப்பது, யாருடன் மோதுவது, டிக்கெட் வருமானம், ஸ்காலர்ஷிப் எல்லாம் இந்த நாற்காலியின் கீழ்தான் வரும். காலையில் கணக்குப் புத்தகம், சாயங்காலம் விசில். இரண்டையும் எட்டு வருடம் சேர்த்தே பார்த்தார்.

விசில் பக்கமும் மோசமில்லை. எர்னி டிகிரிகோரியோ, மார்வின் பார்ன்ஸ் என்று இரண்டு உள்ளூர்ப் பையன்களை வைத்துக்கொண்டு 1973-ல் தேசியப் போட்டியின் அரையிறுதிவரை போய்விட்டார். அங்கே பார்ன்ஸுக்கு முழங்காலில் அடி. மெம்பிஸ் ஸ்டேட்டிடம் தோல்வி. பிராவிடென்ஸில் பத்து சீசன்களில் அவர் கணக்கு: 209 வெற்றி, 84 தோல்வி.

இந்தக் கணக்கோடு இன்னும் இருபது வருடம் ஓட்டியிருக்கலாம். 1979-ல் விசிலை வைத்துவிட்டார்.

காரணம், அவர் உருவாக்கிய ஒரு லீக். கிழக்குக் கரையின் நகரத்துக் கல்லூரிகள் ஆளுக்கொரு திசையில் ஆடிக்கொண்டிருந்தன. கேவிட் அந்த வரைபடத்தைத் தொலைக்காட்சிக்காரர் கண்ணால் பார்த்தார். நியூயார்க்கில் செயின்ட் ஜான்ஸ். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன். பாஸ்டனில் பாஸ்டன் காலேஜ். தனித்தனியாகப் போய் நின்றால் யாரும் மதிக்கமாட்டார்கள். எல்லோரும் ஒரே வாசலில் போய் நின்றால்? கிழக்குக் கரையின் பெருநகரங்களே வந்து நிற்பது மாதிரி!

சிராக்யூஸ், சீட்டன் ஹால், கனெக்டிகட், பிராவிடென்ஸ் ஆகியவற்றையும் சேர்த்து ஏழு கல்லூரிகள். பெயர், பிக் ஈஸ்ட். முதல் கமிஷனர், கேவிட். அதே 1979 செப்டம்பரில்தான் கனெக்டிகட்டில் ஈ.எஸ்.பி.என். என்று ஒரு புது சானல் முளைத்தது. அவர்களுக்கு நேரத்தை நிரப்ப ஆட்டம் வேண்டும். இவர்களுக்கு முகம் காட்ட சானல் வேண்டும். ஜாடிக்கேற்ற மூடி.

1980-ல் வில்லனோவாவும் வந்து சேர்ந்தது. 1983 முதல் லீக்கின் இறுதிக்கட்டப் போட்டிகள் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். 1982 முதல் 1984 வரை தேசியப் போட்டிக் குழுவின் தலைவராகவும் கேவிட் இருந்தார். அதன் பலனாக 1985-ல் தேசியப் போட்டி 64 அணிகளுக்கு விரிந்தது. அந்த முதல் வருடமே அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட்! இறுதி ஆட்டத்தில் ஜார்ஜ்டவுனை 66-64 என்று கவிழ்த்தது வில்லனோவா. யார் ஜெயித்தாலும் கோப்பை ஒரே வீட்டுக்குத்தான். ஆறு வயதுக் குழந்தை அந்த லீக்.

ஒலிம்பிக் பாக்கி ஒன்று இருந்ததல்லவா? அதையும் மேஜையில் இருந்தே தீர்த்தார். 1988 சியோலில் கல்லூரிப் பையன்களின் அமெரிக்க அணி சோவியத்திடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. மறு வருடம் தொழில்முறை வீரர்களுக்கும் கதவைத் திறந்தது சர்வதேசக் கூட்டமைப்பு. அப்போது அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பின் தலைவர் கேவிட். 1992 பார்சிலோனாவில் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் எல்லோரும் ஒரே அணியில். 'ட்ரீம் டீம்'. இறுதி ஆட்டத்தில் குரோஷியாவை 117-85 என்று ஊதித் தள்ளினார்கள்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாம்தான். ஆனால், எந்தத் தொலைக்காட்சிப் பணத்தை வைத்து அவர் வீடு கட்டினாரோ, அதே பணம்தான் வீட்டைப் பிரித்தது. கூடைப்பந்தைவிட அமெரிக்கக் கால்பந்துக்குச் சானல்கள் கொட்டிக் கொடுத்தன. பெரிய கால்பந்து அணி வைத்திருந்த கல்லூரிகளுக்கு வீடு சின்னதாகத் தெரிய ஆரம்பித்தது. 1990-லேயே கேவிட் கமிஷனர் பதவியை விட்டிருந்தார். 2005-ல் பாஸ்டன் காலேஜ் வேறு லீக்குக்குப் போனது.

2011 செப்டம்பர் 16 அன்று கேவிட் இறந்தார். வயது 73. அந்த வார இறுதியிலேயே அடுத்த அறிவிப்பு: பிட்ஸ்பர்க்கும் சிராக்யூஸும் வெளியேறுகின்றன. சிராக்யூஸ், அஸ்திவாரத்தில் இருந்த ஏழு கல்லில் ஒன்று. நல்லவேளை, அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

2013-ல் லீக் இரண்டாகப் பிளந்தது. பிராவிடென்ஸ் உட்பட ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் கால்பந்துக்காரர்களைப் பிரிந்து தனியே வந்தன. அவர்கள் பிடிவாதமாகக் கையோடு எடுத்து வந்த சொத்துகளில் முக்கியமானது, பிக் ஈஸ்ட் என்ற பெயர். கால்பந்துப் பக்கம் தங்கிவிட்ட கனெக்டிகட், ஏழு வருடம் கழித்து, 2020-ல் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தது. 2023-ல் தேசிய சாம்பியன். 2024-ல் மறுபடியும்.

கோச்சாக அவர் ஜெயித்த 209 ஆட்டங்கள் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குமோ. விசிலை வைத்துவிட்டு அவர் கட்டிய வீட்டின் பெயர் மட்டும் இன்னும் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.