நாடிக்கு உள்ள மரியாதை மூச்சுக்கு ஏன் இல்லை?

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஆயாவை இருமலும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கட்டிலில் தொங்கிய தாளைச் சும்மா புரட்டினேன். நாடி 96, 104, 99 என்று ஏறி இறங்கியிருந்தது. மூச்சு மட்டும் 18, 18, 18, 18. பி.காம். படிக்கிறவனுக்கு ஒரே தொகை நாலு தடவை வந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? அதற்குப் பிறகு தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நாடி. சித்த வைத்தியர் ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை பிடிப்பார். ஆட்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். 1, 1/2, 1/4 மாத்திரை என்பது அவற்றின் அளவு. நிமிஷத்துக்கு எத்தனை என்பதல்ல அவர் கேள்வி. துடிப்பு அன்னம்போல நடக்கிறதா, ஆமைபோலவா, பாம்புபோலவா என்றுதான் பார்ப்பார்.

ஐரோப்பாவிலும் ரொம்ப நாள் அப்படித்தான். கையில் கடிகாரம் இல்லாமல் எப்படி எண்ணுவது? 1600களின் தொடக்கத்தில் இத்தாலியில் சான்டோரியோ என்ற மருத்துவர் ஒரு நூலில் குண்டைக் கட்டி ஆட்டினார். துடிப்போடு ஆட்டம் ஒத்துப்போகும்வரை நூலைக் கூட்டிக் குறைத்து, நூலின் நீளத்தைக் குறித்துக்கொண்டார். அதை வைத்து 'நேற்றைவிட வேகம்' என்று சொல்லலாம், '72' என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஜான் ஃப்ளாயர் சரியாக ஒரு நிமிஷம் ஓடி நிற்கும் கடிகாரத்தைச் செய்யவைத்து, 1707ல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

நம்ம ஊருக்கு வருவோம். 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுவையில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். பாரிஸில் லென்னெக் ஸ்டெதாஸ்கோப் பற்றிய நூலை வெளியிட்டு அப்போது நாலே வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் பள்ளிதான் 1956ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964ல் ஜிப்மர் ஆனது. கோரிமேடு பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறோமே, அதன் வேர் பிரெஞ்சுக் காலத்தில் இருக்கிறது.

இனி மூச்சு. எனக்கு ஆச்சரியம் தந்தது இதுதான். நாடியை எண்ணாத நம் மரபு மூச்சை எண்ணியிருக்கிறது! சித்தர், யோகக் கணக்கில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஆக நாழிகைக்கு 360. ஒரு நாழிகை 24 நிமிஷம். வகுத்துப் பாருங்கள், நிமிஷத்துக்கு 15 வருகிறது. இன்றைய மருத்துவம் பெரியவர்களுக்குச் சொல்லும் 12 முதல் 20க்குள் அழகாக உட்காருகிறது. இதைச் சொல்லி 'எல்லாம் நம்மவர்களுக்கு அப்போதே தெரியும்' என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. அது நோயாளிக்கான எண்ணிக்கை அல்ல, உடலையும் காலத்தையும் இணைத்த கணக்கு. நாழிகைக்கே 'நாடி' என்றும் ஒரு பெயர் இருப்பது இன்னொரு வேடிக்கை.

நோயில் மூச்சு எண்ணிக்கையின் அருமை 1980களில்தான் பெரிதாகத் தெரிந்தது. பாப்புவா நியூகினியில் இருமலோடு வந்த குழந்தைகளை ஃபிராங்க் ஷான் குழுவினர் ஆராய்ந்தார்கள். எக்ஸ்ரே இல்லாத கிராமத்திலும் மூச்சை எண்ணியே நிமோனியாவைச் சந்தேகிக்கலாம் என்று அதிலிருந்து வழி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2 மாதம் முதல் ஒரு வயதுவரை 50ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுவரை 40ம் அதற்கு மேலும் வேக மூச்சு. பிரிட்டனில் 2012ல் வந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில் பெரியவர்களுக்கு மூச்சு 25ஐத் தொட்டாலே முழு 3 மதிப்பெண். நாடிக்கு அதே 3 கிடைக்க 131ஐத் தொட வேண்டும்.

பிறகு ஏன் யாரும் எண்ணுவதில்லை? நாடியை பி.பி. மெஷினே காட்டிவிடுகிறது. மூச்சுக்கு ஒரு முழு நிமிஷம் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்! அதோடு, எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்த்த கையை விடாமல் வைத்துக்கொண்டு, கண்ணால் மட்டும் நெஞ்சைப் பார்த்து எண்ணச் சொல்லித்தருகிறார்கள்.

நானும் அப்படியே ஆயாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செல்போனில் அறுபது நொடி பார்த்தேன். 28. நர்ஸ் அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வந்து நின்று, தானே எண்ணி, கடைசி 18ஐ அடித்துவிட்டு 27 என்று எழுதி டாக்டருக்கு போன் போட்டார்.

"என்னடா, வைத்தியன் மாதிரி கைய விடவே மாட்டேங்கிற?" என்றார் ஆயா.