பொற்காலம் ஆருக்கு?

எங்கட சொந்தக்காரர் நாலு பேர் ஒரு கலியாணவீட்டில் கூடினால் இந்தக் கதை வராமல் விடாது. "சிறிமா காலம் எண்டால் அது பொற்காலம்" என்று பெரியப்பா தொடங்குவார். பக்கத்துக் கதிரையில் இருக்கும் கொழும்பு மாமிக்குப் பத்திக்கொண்டு வரும். "என்ன பொற்காலம்? நாங்கள் விடிய நாலு மணிக்குப் பாணுக்குக் கியூவில நிண்டனாங்கள்." பிறகு இலை போடும்வரை சண்டைதான்.

இத்தனைக்கும் ரெண்டு பேரும் கூடப்பிறந்தவர்கள். மாமி கொழும்பில் கிளாக்கர் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு போனவ. பெரியப்பா உரும்பிராய்ப் பக்கத்தில் அப்புவோடு தோட்டம் செய்தவர். இதில் யாரோ ஒருவர் புளுகுகிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். பிறகு கொஞ்சம் வாசித்து, கொஞ்சம் விசாரித்துப் பார்த்தால் ரெண்டும் உண்மை. சரி, அரிசியிலிருந்து தொடங்குவம்.

இலங்கையில் கூப்பன் அரிசி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்தது. போர் முடிந்தும் கூப்பன் போகவில்லை. அதில் கை வைத்த அரசாங்கம் நிம்மதியாய் இருந்ததும் இல்லை. 1953 இல் நிதியமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனா கூப்பன் அரிசியைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு முழுக்க ஹர்த்தால். மந்திரிமார் பயந்துபோய், துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறி அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார்கள். (இது பகிடி இல்லை, உண்மையாகவே நடந்தது.) அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவியை விட்டார். 1965 இல் திரும்பவும் ஆட்சிக்கு வந்த அதே டட்லி, அடுத்த வருசம் ரெண்டு கொத்தை ஒரு கொத்தாக்கினார், அந்த ஒன்று இலவசம் என்று சொல்லி. 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கா ரெண்டாவது கொத்தையும் தருவேன் என்று வாக்குக் கொடுத்தார். சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவேன் என்று அவர் சொன்னதாக ஊரில் இப்பவும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சந்திரன் கைவிட்டது. 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய், அரிசி, கோதுமை எல்லாம் ஒன்றாய் விலை ஏறின. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அளவு குறைந்தது. மா, சீனி எல்லாம் அளந்துதான். அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு. வீதித் தடையில் பஸ்ஸை மறித்துப் பையைக் கிண்டிப் பார்ப்பார்கள். கிழமையில் ரெண்டு நாள் சாப்பாட்டுக் கடைகளில் சோறு விற்கக்கூடாது என்று சட்டம். மாமி பாண் கியூவில் நின்றது அப்போதுதான். மூத்த மச்சான் அப்ப கைக்குழந்தை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு றாத்தல் பாணுக்காக ரெண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறா. சில நாள் முறை வரமுதல் பாண் முடிந்துவிடும்.

அதே 1973 இல் எங்கட அப்பு என்ன செய்தார்?

வெங்காயம் விற்றார். செலாவணியை மிச்சம் பிடிக்கச் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்தது. அதுவரை இந்தியச் சரக்கோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கு முழு நாடும் ஒரேயடியாய்ச் சந்தையானது. அப்புவிடம் இருந்தது எட்டுப் பரப்பு. துலா மிதித்து இறைத்துக்கொண்டிருந்தவர், மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் வாங்கினார். இன்னும் பத்துப் பரப்பு குத்தகைக்கு எடுத்தார். லொறி படலைக்கே வந்து நிற்குமாம். 1974 இல் மண்வீடு கல்வீடாக மாறியது. ஆச்சியின் கழுத்தில் பதக்கம் சங்கிலி ஏறியது. நான் பிறந்து வளர்ந்தது அந்த வீட்டில்தான். கொழும்பில் மகள் பாணுக்கு நிற்கிறாள், ஊரில் தகப்பன் வீடு கட்டுகிறார். மகளுக்கு மிளகாயும் வெங்காயமும் பார்சலில் அனுப்புவாராம். அரிசி அனுப்ப வழியில்லை.

கலியாணவீட்டுச் சண்டை இந்த இடத்தோடு முடிந்துவிடும். ஆனால் கதை முடியவில்லை. இதில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்ததைக் கனகாலத்துக்குப் பிறகு அம்மாதான் சொன்னா.

அந்தப் பஞ்சத்தில் ஆக மோசமாய் அடிபட்டது மலையகம். தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த நிலம் இல்லை. எனவே விலை ஏறினாலும் விற்க ஒன்றும் இல்லை. கூப்பன் மாவும் அரிசியும் குறைந்தபோது பதிலுக்கு விளைவித்துச் சாப்பிட இடமும் இல்லை. 1973, 1974 இல் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். தப்பியவர்களில் கனபேர் சாப்பாடு தேடி மலையை விட்டு இறங்கினார்கள். வன்னிக்கு வந்தார்கள், யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள்.

எங்கட வீட்டுக்கும் ஒரு பொடியன் வந்தான். பத்து, பதினொரு வயது இருக்குமாம். ஹற்றன் பக்கம். ஆரோ தெரிந்த லொறிக்காரர் கொண்டுவந்து விட்டது. 1976 இல் அம்மா கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வரேக்க அவன் மெசின் கொட்டிலுக்குள் படுப்பான், மாடு பார்ப்பான், விடிய எழும்பி வாய்க்கால் கட்டுவான். சம்பளம்? "சாப்பாடும் உடுப்பும்தான் தம்பி. அப்ப எல்லாரும் அப்பிடித்தான் வச்சிருந்தவை" என்று சொல்லிவிட்டு அம்மா கொஞ்சநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த சனம் வன்னியில் குடியேற, அவனும் தன்ர ஆட்களைத் தேடிக் கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டானாம். பிறகு தகவல் இல்லை. பெரியப்பாவின் பொற்காலக் கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறன். அந்தப் பொடியன் அதில் ஒருநாளும் வந்ததில்லை.

1977 இல் ஜே. ஆர். பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு இடங்களோடு வந்தார். கதவைத் திறந்துவிட்டார். கொழும்பில் பாண் கியூ காணாமல் போனது. மாமி வீட்டில் ரேடியோ மாறியது, பிறகு ரீவி வந்தது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்து இறங்க, அப்புவின் வெங்காயம் வீட்டு மாலுக்குள் அழுகியது. 1979 இல் கூப்பனும் போய், ஏழைகளுக்கு மட்டும் உணவு முத்திரை என்று வந்தது. மாமியின் பொற்காலம் தொடங்கியபோது பெரியப்பாவின் பொற்காலம் முடிந்தது. மாமியின் காலமும் கனநாள் ஓடவில்லை. 1983 ஜூலையில் உடுத்த உடுப்போடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கினவை. ஒரு வருசத்தால் வேலைக்காகத் திரும்பிப் போனவை.

அடுத்தது 1990. ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க யாழ்தேவி நின்றது, கரண்ட் போனது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று வடக்குக்குப் போகக்கூடாத சாமான்களுக்கு ஒரு பட்டியல். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இது வாசித்த வரலாறு இல்லை, அனுபவித்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அளவாய் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டால் அதுதான் விளக்கு. அந்த வெளிச்சத்தில்தான் ஓ.எல். படித்தேன். காலமை மூக்கைச் சீறினால் கரி. சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுத்த, டைனமோவில் ரேடியோ பாடும். செய்தி முடியும்வரை சுத்துறது என்ர வேலை, நடுவில் களைத்தால் ஐயாவிட்டப் பேச்சு. சவுக்காரம் விலை ஏற, ஆச்சி பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தா. பழைய ஒஸ்ரின் கார்கள் நாலு துளி பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. அப்பு மெசினுக்கு எண்ணெய் இல்லாமல், மூலையில் கிடந்த துலாவைத் திரும்பக் கட்டினார். இருபது வருசத்துக்கு முந்தின கிணத்தடி அப்படியே திரும்பி வந்தது. 1995 அக்டோபர் 30 இல் அந்த வீட்டையும் பூட்டிக்கொண்டு வலிகாமத்துச் சனத்தோடு சனமாய் வெளிக்கிட்டம்.

இந்தக் காலம் முழுக்கக் கொழும்பில் கடைகள் திறந்திருந்தன, லைற் எரிந்தது. குண்டுப் பயமும் சோதனைச் சாவடியும் மாமி வீட்டுக்கும் இருந்தது, இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் பற்றரி வாங்குவது அங்கே ஒரு விசயமே இல்லை. அந்தக் கோபம் எனக்குள் கனகாலம் கிடந்தது.

2022 வந்தது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன்னமே ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு. கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடச் சோதனை தள்ளிப்போனது. பெற்றோல் கியூவில் ஆட்கள் நாள்கணக்கில் கிடந்தார்கள். வெள்ளவத்தையில் எழுபது தாண்டிய மாமி, லிப்ற் ஓடாத மாடிவீட்டிலிருந்து அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தா. "மச்சாள், அந்த ஜாம் போத்தல் விளக்கு எப்பிடிச் செய்யிறனியள்?"

அம்மா இதைச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோசம் வந்தது. "இப்பவெண்டாலும் விளங்கட்டும் அவைக்கு" என்றேன். அம்மாவுக்கு வந்ததே கோவம்!

"நீ அங்க ஹீற்றருக்குப் பக்கத்தில இருந்து சிரிக்கிறாய். மாமி பாணுக்கு நிண்டதிலதான் எங்களுக்கு வீடு வந்தது. அந்த மலைநாட்டுப் பொடியன் பசியில வந்ததிலதான் எங்கட தோட்டத்துக்குத் தண்ணி பாய்ஞ்சது. அப்ப அவை எங்களைப் பாத்துச் சிரிச்சவையே?"

என்னிடம் பதில் இல்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜூலை 9 மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது, 14 ஆம் திகதி கோட்டாபய ராஜினாமாச் செய்தது, கியூஆர் கோட்டில் பெற்றோல் பங்கீடு, செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாய் 340 ஆனது. கடலுக்குப் போகிறவனும் தோட்டக்காரனும் தலையில் கை வைத்தார்கள். 2023 செப்டெம்பரில் கியூஆரும் நின்றது. அதற்குள் ரூபாய் மதிப்பிழந்ததால் எங்களைப்போல வெளியிலிருந்து காசு அனுப்புகிறவர்களுக்கு ஊரில் காணி மலிவாய்த் தெரிந்ததும் நடந்தது. அப்ப அது எங்கட பொற்காலமோ? யோசிக்கக் கூச்சமாய்த்தான் இருக்கிறது.

நாட்டுக்கு நல்ல காலம், கெட்ட காலம் என்று புத்தகத்தில் எழுதுவது சுகம். எங்கட ஒரு வீட்டுக்குள்ளேயே அது ஒருக்காலும் ஒத்து வந்ததில்லை. இனிக் கலியாணவீட்டில் பெரியப்பா தொடங்கினால், அந்தப் பொடியனின் பெயர் என்ன என்று கேட்கப்போகிறேன். அம்மாவுக்கு மறந்துபோச்சு. அவருக்காவது ஞாபகம் இருக்கவேணும்.

உங்கட வீட்டில் எப்படி? ஆர் கியூவில் நிண்டது, ஆர் வித்தது? கேட்டுப் பாருங்கோ, வயதானவை இருக்கேக்கயே கேளுங்கோ.