தொலைபேசி வழியே வந்த துல்லிய நேரம்

கணிப்பொறிக்கு நேரம் எப்படித் தெரிகிறது? 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறி, மின்சாரம் நின்றதும் நேரத்தை மறந்துவிடும். மீண்டும் இயக்கும்போது நாளையும் மணியையும் நாமே தட்டச்சு செய்ய வேண்டும். 1984-இல் வந்த ஏ.டி. வகையில், மின்கலத்தால் ஓடும் கடிகாரம் உள்ளேயே அமைக்கப்பட்டது. வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகமே அதற்கு ஆதாரம். இந்த அதிர்வு லட்சத்தில் ஒரு பங்கு மாறினாலும், ஒரு மாதத்தில் சுமார் 26 வினாடி பிழை சேர்ந்துவிடும். எனவே கடிகாரத்தை அவ்வப்போது திருத்தியாக வேண்டும்.

தொலைபேசியில் நேரம் கேட்பது அதற்கும் பழைய வழக்கம். பாரிஸ் வானாய்வு நிலையம் 1933 பிப்ரவரி 14-இல் பேசும் கடிகாரத்தைத் தொடங்கியது. ஆனால் கணிப்பொறிக்கு வேண்டியது குரல் அன்று, குறியீடு. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 1988-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிலிருந்து இதற்கென ஒரு சேவையைத் தொடங்கியது. கணிப்பொறி, மோடம் என்னும் கருவியின் மூலம் அந்த எண்ணை அழைக்கும். வினாடிதோறும் ஒரு வரி வரும். அதில் நாளும் நேரமும் இருக்கும். இறுதியில் ஒரு நட்சத்திரக் குறி. அக்குறி வந்து சேரும் கணமே அந்த நேரம்.

தாமதமும் திருத்தமும்

குறி வந்து சேரவும் நேரம் பிடிக்குமே! வினாடிக்கு 1,200 பிட் வேகத்தில் ஓர் எழுத்தை அனுப்ப 8 மில்லிவினாடி ஆகும். மோடங்களுக்குள் ஏறத்தாழ 30, கம்பி வழியில் 7. ஆக மொத்தம் 45. பொங்கலன்று சேர வேண்டிய வாழ்த்தை முன்னதாகவே அஞ்சலில் சேர்ப்பது போல, குறியை 45 மில்லிவினாடி முன்னதாகவே அனுப்பினார்கள்.

ஆனால் எல்லோரும் ஒரே தொலைவில் இல்லை. ஆகவே இன்னொரு முறையும் வைத்திருந்தார்கள். அழைத்த கணிப்பொறி எழுத்துகளை அப்படியே திருப்பி அனுப்பினால், அவை போய்வரும் நேரத்தைப் போல்டரில் அளந்து, அதில் பாதி அளவு குறியை முந்தி அனுப்புவார்கள். திருத்தம் முடிந்ததற்கு அடையாளமாக, நட்சத்திரம் இருந்த இடத்தில் # குறி வரும்.

பாதி என்பது சரியா?

போக எடுக்கும் நேரமும் வர எடுக்கும் நேரமும் சமமாக இருந்தால்தான் பாதி சரி. ஒரு திசை தரைவழியாகவும், மறு திசை சுமார் 36,000 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோள் வழியாகவும் அமைந்தால், இரண்டுக்கும் வேறுபாடு ஏறத்தாழ கால் வினாடி. கடிகாரத்தில் பிழை அரைக்கால் வினாடி. போய்வரும் நேரத்தை எத்தனை முறை அளந்தாலும் இப்பிழை வெளிப்படாது. ஏனெனில் அளக்கப்படுவது கூட்டுத்தொகை மட்டுமே.

அந்த நிறுவனம் 1993-இல் இணையத்தின் வழியாகவும் நேரம் வழங்கத் தொடங்கியது. இணையத்தில் கடிகாரங்களைத் திருத்த டேவிட் மில்ஸ் 1985-இல் வெளியிட்ட முறையும் இதே பாதிக் கணக்கையே நம்புகிறது. ஒளியைக் கொண்டு தொலைவிலுள்ள கடிகாரங்களை ஒத்திசைக்க 1905-இல் ஐன்ஸ்டீன் வகுத்த முறையிலும், போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்பது ஒரு வரையறையாகவே வைக்கப்பட்டது.

போக 10, வர 30 மில்லிவினாடி ஆனால் கடிகாரம் எவ்வளவு பிழைபடும்? வாசகர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.