பட்ட மரமும் ஒரு கோயில் மரமும்

நாங்கள் நியூஜெர்ஸியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தது ஒரு ஆகஸ்ட் மாதம். வீட்டைப் பற்றி ஆயிரம் நொட்டை சொன்ன தங்கமணிக்கு கொல்லையில் நின்ற மரத்தில் மட்டும் ஒரு குறையும் தெரியவில்லை. அறுபது அடிக்குக் குறையாது. கோபுரம் மாதிரி கூம்பிய உச்சி, இறகு மாதிரி மெத்தென்ற ஊசியிலை. ஊசியிலை மரம்னா வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சதை நம்பி, பனிக்காலத்துக்கும் ஜன்னல்ல பச்சை தெரியும்னு சந்தோஷப்பட்டோம்.

நவம்பர் வந்தது. மரம் செங்கல் நிறமாச்சு. அப்புறம் துரு நிறம். பத்தே நாளில் சுத்தமாக மொட்டை. மாயவரத்திலிருந்து அம்மா ஃபோனில், "பட்ட மரத்தை வீட்டுப் பக்கத்துல வெச்சுக்காதேடா, குழந்தைங்க விளையாடற இடம்" என்று ஆரம்பித்துவிட்டார். மரம் வெட்டுகிற ஆள் ஒருவரைக் கூப்பிட்டேன். அண்ணாந்து பார்த்தார், அடிமரத்தில் ரெண்டு தட்டு தட்டினார், "செத்துப் போச்சு, 2,200 டாலர் ஆகும்" என்றார். சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பெரியவர் குரல் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் பதறிப் போனார். "முப்பது வருஷமா பார்க்கறேன், ஒவ்வொரு நவம்பரும் இதே கூத்துதான். ஒரு குச்சியை நகத்தால கீறிப் பாரு!" கீறினேன். உள்ளே பச்சைப் பசேல். வயிற்றைக் கலக்கியது எனக்கு. இன்னும் பதினைந்து மணி நேரத்தில் மரக்கட்டையாக அடுக்கியிருப்பார்கள். "இது பால்ட் சைப்ரஸ். லூயிசியானா சதுப்பு நிலத்து மரம். பேரே மொட்டை சைப்ரஸ்தான்" என்று பெயரும் சொல்லிக் கொடுத்தார்.

பெயர் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? அந்தக் குளிர்காலம் முழுக்கப் படித்தேன். (தங்கமணி அடித்த கமெண்ட் இங்கே வேண்டாம்.) இலை உதிர்க்கும் ஊசியிலை மரங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான், அதிலும் வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக வைக்கிற வகைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். லார்ச் என்றால் ஊசிகள் குட்டைக் குச்சி நுனியில் கொத்துக் கொத்தாக, பெயின்ட் பிரஷ் மாதிரி இருக்கும். காய்ந்த கூம்புகள் வருஷக்கணக்கில் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சீனாவிலிருந்து வந்த தங்க லார்ச்சும் கொத்துதான், ஆனால் ஊசி கொஞ்சம் அகலம், கூம்பு பழுத்ததும் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். என் மரத்தில் கொத்தே கிடையாது. ஆக ரெண்டும் அவுட்.

மிச்சம் இருப்பது பெரியவர் சொன்ன பால்ட் சைப்ரஸ், இன்னொன்று டான் ரெட்வுட். இந்த ரெண்டும்தான் குழப்பும். ரெண்டுக்கும் இறகு மாதிரி இலை, ரெண்டும் ஊசியை ஒவ்வொன்றாக உதிர்க்காமல் சின்னக் குச்சியோடு சேர்த்து உதிர்க்கும். வித்தியாசம் ஒரே ஒரு இடத்தில்தான் பளிச்சென்று தெரியும். பால்ட் சைப்ரஸில் ஊசிகள் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறி மாறி வரும். டான் ரெட்வுட்டில் ஜோடி ஜோடியாக, நேருக்கு நேர் எதிரே முளைக்கும். குச்சிகளும் அப்படியேதான். கூம்பும் நீளமான காம்பில் தொங்கும். பால்ட் சைப்ரஸ் காய்க்குக் காம்பே இருக்காது என்று சொல்லலாம்.

ஏப்ரல் கடைசியில் துளிர் விட்டது. பூதக்கண்ணாடியோடு போய் நின்றேன். எதிரெதிரே! பெரியவர் சொன்ன பெயர் தப்பு. கொல்லையில் நிற்பது மெட்டாசெக்வோயா என்கிற டான் ரெட்வுட்.

இனிதான் மேட்டரே. எந்த அடையாளத்தை வைத்து நான் கண்டுபிடித்தேனோ, அதே அடையாளத்தை வைத்துத்தான் இந்த இனத்துக்கே பெயர் வந்தது. அதுவும் உயிரோடு இருக்கிற மரத்தைப் பார்த்து இல்லை, கல்லைப் பார்த்து!

ஷிகெரு மிகி என்று ஒரு ஜப்பானியத் தாவரவியலாளர். ஜப்பானில் கிடைத்த புதைபடிவங்களை ஆராய்ந்தவர். ரெட்வுட் என்றும் பால்ட் சைப்ரஸ் என்றும் அதுவரை எல்லாரும் சீட்டு ஒட்டி வைத்திருந்த சில படிவங்களில் இலையும் கூம்புச் செதிலும் எதிரெதிரே இருப்பதைக் கவனித்தார். இது ரெண்டுமே இல்லை, தனி இனம் என்று 1941-ல் எழுதினார், மெட்டாசெக்வோயா என்று பெயரும் வைத்தார். லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே அழிந்து போன மரம் என்பதுதான் அன்றைய நினைப்பு.

அதே 1941 குளிர்காலம். ஜப்பான் படையெடுப்பால் சீனப் பல்கலைக்கழகங்கள் மேற்கே சோங்சிங் பக்கம் ஓடிப்போயிருந்த காலம். கான் தோ என்கிற வனவியல் பேராசிரியர் ஹூபே பக்கமிருந்து மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தார். வழியில் மோதாவ்ஷி என்று ஒரு கிராமம். (கத்தி தீட்டும் ஓடை என்று அர்த்தமாம்.) அங்கே ஒரு பிரம்மாண்டமான மரம், அடியில் சின்னதாக ஒரு கோயில். ஊர்க்காரர்கள் அதை ஷுய்-ஷா, அதாவது நீர்த்தேவதாரு என்று சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊர் வேப்பமரத்தடி அம்மன் மாதிரியேதான். ஆனால் குளிர்காலமாச்சே, மரம் மொட்டை. மாதிரி எடுக்க ஒரு இலை கிடையாது. மனுஷர் போய்விட்டார்.

ஒரு தேசத்துக்காரர் கல்லில் பார்த்து "அழிந்துவிட்டது" என்று எழுதுகிறார். அவர் தேசத்தோடு சண்டையில் இருக்கும் இன்னொரு தேசத்துக்காரர் அதே மரத்தடியில் நிற்கிறார், என்னவென்று தெரியாமல். எல்லாம் ஒரே வருஷத்தில்.

1943 கோடையில் வாங் ஜான் என்கிற வனத்துறைக்காரர் வேறெங்கோ கிளம்பியவர், வழியில் மலேரியாவில் படுத்தார். அங்கே ஒரு வேளாண் பள்ளித் தலைமையாசிரியர் இந்த விநோத மரத்தைப் பற்றிச் சொல்ல, தன் பாதையை மாற்றிக்கொண்டு போய் இலையும் கூம்பும் எடுத்து வந்தார். எடுத்தவர் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டார்! தென்சீனத்தில் வளரும் நீர்ப்பைன் என்று எழுதி எடுத்து வைத்தார். அதுவும் இலை உதிர்க்கிற ஊசியிலை மரம்தான், ஏமாறுவது சுலபம். இதைப் படித்ததும் எனக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நக்கலும் போய்விட்டது. துறைக்காரரே தடுக்கி விழுந்த இடம் அது.

1945-ல் அந்த மாதிரியில் ஒரு குச்சியும் ரெண்டு கூம்பும் பேராசிரியர் ஜெங் வான்ஜூன் கைக்கு வந்தன. நீர்ப்பைன் இல்லை என்று அவருக்கு உடனே பட்டது. ஆனால் ஒரு குச்சியை வைத்து என்ன செய்வது? 1946-ல் தன் மாணவர் ஷ்யே ஜிரூவை அனுப்பினார். படகில் பாதி வழி, மிச்சம் மலையில் நடை. பிப்ரவரியில் ஒரு தடவை போனார், மரம் இலையில்லாமல் நின்றது. மே மாதம் மறுபடி நடந்தார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் இந்த ஷ்யேதான். ரெண்டு தடவை நடந்தவர்.

மாதிரிகள் பெய்ஜிங்கில் இருந்த ஹூ ஷியன்சுவுக்குப் போயின. ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மிகியின் கட்டுரையைப் படித்திருந்தவர். எதிரெதிர் இலை, எதிரெதிர் செதில், நீளக் காம்பு. கல்லில் இருந்தது உயிரோடு வந்து நிற்கிறது! ஹூவும் ஜெங்கும் சேர்ந்து 1948-ல் முறைப்படி அறிவித்தார்கள். வாங் ஜான் செய்த தப்பு பெயரிலேயே ஒட்டிக்கொண்டது; முழுப்பெயர் மெட்டாசெக்வோயா கிளிப்டோஸ்ட்ரோபாய்டிஸ், அதாவது நீர்ப்பைன் போன்றது.

சரி, அது என் கொல்லைக்கு எப்படி வந்தது? பாஸ்டனில் ஆர்னால்ட் ஆர்போரீட்டம் என்று ஹார்வர்டைச் சேர்ந்த மரத்தோட்டம் இருக்கிறது. அங்கே இருந்த எல்மர் மெர்ரில், விதை சேகரிக்க 1947-ல் 250 டாலர் அனுப்பினார். (நான் மரத்தை வெட்டக் கொடுக்க இருந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு. அந்தக் காலத்து டாலர்தான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை.) 1948 ஜனவரியில் விதை வந்து சேர்ந்தது. மெர்ரில் அதைப் பதுக்கவில்லை, உலகம் முழுக்கப் பல தோட்டங்களுக்கும் கேட்ட தனியாட்களுக்கும் பொட்டலம் போட்டு அனுப்பினார். உள்நாட்டுப் போர் முடிந்து 1949-க்குப் பிறகு அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ரெண்டு வருஷம் தாமதித்திருந்தால் விதை வந்திருக்காது. டான் ரெட்வுட், விடியல் ரெட்வுட் என்ற பெயர் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை நிருபர் மில்டன் சில்வர்மேன் வைத்தது. ரால்ஃப் சேனி என்ற பேராசிரியரோடு 1948 மார்ச்சில் அந்த மலைக்கே போய்வந்தவர் அவர். கிளையை ஒடித்து நட்டாலும் வேர் விடும் மரம், அதனால் நர்சரிகளுக்குக் கொண்டாட்டம்.

ஹூ ஷியன்சுவுக்குத்தான் கொண்டாட்டம் இல்லை. கலாச்சாரப் புரட்சியின்போது துன்புறுத்தப்பட்டு 1968-ல் செத்துப்போனார். அவர் பெயர் சூட்டிய மரம் அப்போது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோட்டம் தோட்டமாக வளர்ந்துகொண்டிருந்தது. காட்டில் இயற்கையாக நிற்பவை மட்டும் இன்றைக்கும் சில ஆயிரம்தான், அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கின்றன.

போன கோடையில் பாஸ்டன் போனபோது அந்த 1948 விதையில் முளைத்த மரங்களைப் பார்த்தேன். அடிமரம் பள்ளமும் மேடுமாக முறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கிளைக்கும் கீழே அக்குள் மாதிரி ஒரு குழி. என் மரத்திலும் அந்தக் குழி உண்டு. அதில் கை வைத்துப் பார்த்தேன், பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி விநோதமாகப் பார்த்தார்.

திரும்பி வந்ததும் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "முப்பது வருஷமா தப்பாச் சொல்லிட்டேனே" என்றார். அப்புறம், அந்தக் குச்சியை நடலாமா என்று கேட்டார். இப்போது அவர் வீட்டு வாசலில், தொட்டியில் இருக்கிறது. இந்த நவம்பரில் அதுவும் மொட்டையாகும். பயப்பட வேண்டாம் என்று அம்மாவுக்கு இப்போதே ஃபோனில் சொல்லி வைத்துவிட்டேன்.